ஒருவரும் சாகாத மூன்றாம் கட்டம்

ஒலிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என்னை வழியனுப்பி வைத்த அன்று நீங்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். எந்த மைக் நல்லது, எந்த மென்பொருள் நல்லது, பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எனக்குச் சரியான பதில் தெரிந்திருந்தது. மற்றதையெல்லாம் உங்கள் கணினிகள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். நான் சொல்லக்கூடியது நான் விட்ட பிழைகளைத்தான். அந்தச் சரக்கு என்னிடம் எப்போதும் தாராளமாக இருந்திருக்கிறது.

நான் படித்து வந்தவன் அல்ல. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டித் திரிந்தவன். ஐம்பதாவது வயதில், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு மாடி வீட்டில் வீடியோ கேம் கம்பெனி தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஸ்பீக்கர் பூட்டிக் கொடுக்கப் போனேன். பூட்டி முடித்த பிறகும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அப்படியே ஒலிப் பிரிவுக்குப் பொறுப்பாளன் ஆனேன். பேரப்பிள்ளை வயதில் உள்ளவர்களும் என்னை ‘அண்ணை’ என்றே கூப்பிட்டார்கள். நானும் மறுப்புச் சொல்லவில்லை.

எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கேம். மூன்று பனை உயரமான ரோபோவுக்குள் கூலிப்படைக்காரன் ஏறி இருப்பான். யார் சம்பளம் கொடுக்கிறார்களோ அவர்களுக்காகச் சண்டை பிடிப்பான். நல்லவன் கெட்டவன் என்ற பேச்சே அதில் இல்லை. முதல் பாகத்துக்கு ரோபோ நடக்கும் சத்தத்தை நான்தான் செய்தேன். எங்கள் ஊரில் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி ஓடும் பழைய தட்டிவானின் கதவை அடித்துச் சாத்திய சத்தத்தைத் தாழ்த்தி, மெதுவாக ஓடவிட்டு எடுத்தது. அதைக் கேட்ட வெளிநாட்டுக்காரர் பிரமாதம் என்றார்கள். இங்கே ஒருவன் கேட்ட மாத்திரத்தில் “இது எங்கடை மாமான்ரை வானெல்லே” என்று என் மானத்தை வாங்கினான்.

நான் சொல்ல வந்தது இரண்டாம் பாகத்தின் கதை. சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் பாகத்தின் மூன்றாம் கட்டத்தில், கடற்கரையோரமாக இடிந்து கிடக்கும் ஒரு நகரம் வரும். ஆட்கள் இல்லை. ரோபோ ஒரு குட்டி வண்டியை அந்த நகரத்தின் ஊடாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டி கன்றுக்குட்டி மாதிரி பின்னால் வரும். கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து ஷெல் விழும். விழுவதற்கு மூன்று வினாடிக்கு முன் திரையில் சிவப்பு விளக்கு எரியும், அந்த மூன்று வினாடி போதாது. பல தடவை செத்துத்தான் வழி பழக வேண்டும் என்று திட்டமிட்டே அப்படிச் செய்திருந்தார்கள்.

எனக்கு வந்த பட்டியலில் இருந்த சத்தங்கள் காற்று, ஷெல் கூவிக்கொண்டு வருவது, வெடிப்பது, இடிபாடு சரிவது. எல்லாவற்றையும் செய்து பொருத்திக் கேட்டேன். உப்பில்லாத கறி மாதிரி இருந்தது. எது குறைகிறது என்று யோசிக்கவும் இல்லை, கை தானாகப் போனது. பக்கத்து வளவில் வெறுமையாக இருந்த தண்ணீர்த் தாங்கிக்குள் மைக்கை இறக்கி, துணி சுற்றிய கட்டையால் அதன் வயிற்றில் ஒரே ஒரு அடி அடித்தேன். ‘டுப்’.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சத்தத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களில் சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். ஷெல் புறப்படும் இடத்தில் முதலில் அது கேட்கும். குத்துற சத்தம் என்போம். அது கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். எண்ணி முடிவதற்குள் பங்கருக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ இருக்க வேண்டும்.

நான் அடித்தபோது மத்தியானம். பக்கத்து வீட்டு அம்மா மதிலடிக்கு வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொடியில் காயாமல் கிடந்த உடுப்பையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு, முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என்ன மனுசி இது என்று நினைத்ததோடு நான் விட்டுவிட்டேன்.

அந்த ‘டுப்’பைக் காற்றுச் சத்தத்துக்கு அடியில், மிக மெல்லியதாகப் போட்டேன். சிவப்பு விளக்குக்கு வெகு முன்னாலேயே அது வந்துவிடும். பட்டியலில் எழுதவில்லை. ஒளித்து வைக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அது இல்லாமல் ஷெல் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதுதான் நான் விட்ட பிழை. நீங்கள் சேர்ப்பது எவ்வளவு சின்னச் சத்தமாக இருந்தாலும் எழுதி வையுங்கள். உங்களுக்கு இயல்பாகப் படுவதை முதலில் எழுதி வையுங்கள்.

சில வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு கோபமான கடிதம் வந்தது. அவர்களுடைய ஆட்கள் மூன்றாம் கட்டத்தில் ஈசல் மாதிரிச் சாகிறார்கள். கோப்பாயில் சோதித்துப் பார்த்த எட்டுப் பேரில் ஒருவர்கூட ஒரு தடவையும் சாகவில்லை. நீங்கள் என்ன சோதித்துக் கிழித்தீர்கள் என்பதைத்தான் நாகரிகமான மொழியில் கேட்டிருந்தார்கள்.

எங்கள் நிர்வாகி நிரோஜன் சுவிஸில் பிறந்து வளர்ந்தவன். கெட்டிக்காரன், நேர்மையானவன், கொஞ்சம் அவசரக்காரன். அவன் தானே உட்கார்ந்து மூன்றாம் கட்டத்தை விளையாடினான். பதினொரு தடவை செத்தான். பிறகு எட்டுப் பேரின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தான். எந்த வினாடியில் எந்த விசையை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். திரையில் எந்த அடையாளமும் இல்லாத நேரத்தில் எல்லாருமே ரோபோவைத் திருப்பியிருந்தார்கள். எல்லாரையும்விட வேகமாகத் திருப்பியவள் தர்சினி.

தர்சினிக்கு அப்போது இருபத்தொரு வயது. எட்டுப் பேரில் இளையவள். சண்டிலிப்பாயில் பெரியம்மாவோடு இருந்து சைக்கிளில் வேலைக்கு வருவாள். வாய் ஓயாது. மற்ற ஏழு பேரும் முப்பதைத் தாண்டியவர்கள்.

நிரோஜன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

“அங்கிள், ஷெல் விழுற நேரம் எழுதின கோப்பை ஆரோ திறந்து பாத்திருக்கினம். தர்சினிதான் எடுத்து மற்றவைக்கும் குடுத்திருக்கிறா எண்டு நினைக்கிறன். வெள்ளிக்கிழமை அவவை வேலையாலை நிப்பாட்டிக் கடிதம் குடுக்கப் போறன்.”

“அவளைக் கேட்டனீரோ?”

“கேட்டனான். ‘சும்மா தெரிஞ்சுது’ எண்டுறா. சும்மா எப்பிடித் தெரியும்?”

களவு செய்தாள் என்று கடிதம் கொடுத்தால் இந்தத் தொழிலில் பிறகு ஒருவரும் எடுக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இதற்கு எத்தனை கம்பெனி இருக்கிறது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் கொண்டு வரும் ஆளும் அவள் ஒருத்திதான். கொஞ்சம் பொறும் என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

பெரியம்மாவின் தோட்டத்தில் புகையிலை இந்த முறை எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அவள் விளையாடிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். ஹெட்போனின் ஒரு பக்கம் காதிலும் மற்றப் பக்கம் கழுத்திலும் இருந்தது. “பெரியம்மாவுக்கு இப்ப முழங்கால் ஏலாது அண்ணை, நான்தான் விடியத் தண்ணி...” என்று சொல்லும்போது கை திரும்பியது. ரோபோ சடாரென்று ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. குட்டி வண்டியைத் தனக்குக் கீழே விட்டு, முழங்காலில் நின்று, அதன் மேல் கவிழ்ந்து படுத்தது. ஷெல் எங்கோ விழுந்தது. ரோபோ எழும்பியது. “...விட்டுட்டு வாறனான்” என்று அவள் வசனத்தை முடித்தாள்.

நடுவில் அவள் வாய் திறந்தபடி நின்றதைக் கண்டேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆவென்று திறந்து, பிறகு மூடியது.

ஷெல் விழும்போது காது வெடிக்காமல் இருக்க வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லித் தாய்மார் பிள்ளைகளுக்குப் பழக்குவார்கள். எனக்கும் பழக்கியிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் நிரோஜனையும் கூட்டிக்கொண்டு சோதிக்கும் அறைக்குப் போனேன். எட்டுப் பேரையும் ஹெட்போனை நன்றாகப் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் மூன்றாம் கட்டத்தைத் தொடங்கச் சொன்னேன். நாங்கள் இருவரும் முன்சுவரோடு அவர்களைப் பார்த்தபடி நின்றோம். எங்கள் காதில் ஹெட்போன் இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தத்தையும் விசைகள் தட்டும் சத்தத்தையும் தவிர அறையில் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது.

திடீரென்று விசைச் சத்தம் கூடியது. எட்டுப் பேரின் தோளும் ஒரே நேரத்தில் ஒடுங்கியது. பிறகு எட்டுப் பேரின் வாயும் மெல்லத் திறந்தது. முப்பத்தைந்து வயதுக்காரன், பிள்ளைகள் பெற்றவள், தலை நரைத்தவன், எல்லாரும் ஆவென்று திறந்த வாயோடு திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவருக்கும் தாங்கள் செய்வது தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த தர்சினிக்குப் பின்னால் இருப்பவர்களைப் பார்க்கவும் முடியாது. நாலைந்து வினாடிக்குப் பிறகு எல்லா வாயும் மூடியது.

நிரோஜன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அங்கிள், ஏன் இவை வாயைத் திறக்கினம்?”

வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். தண்ணீர்த் தாங்கியைச் சொன்னேன், பட்டியலில் எழுதாததையும் சொன்னேன். கூனிக்குறுகிப் போய்த்தான் சொன்னேன். அவன் கத்தவில்லை.

“எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்லை.”

“நீர் கேட்டனீர். அது என்னெண்டு உமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

“மற்ற ஏழு பேருக்கும் சரி. தர்சினி? தான் சண்டிலிப்பாயிலையே பிறந்து வளந்தனான், ஷெல் சத்தமே கேட்டதில்லை எண்டு அவவே சொல்லுறா. அந்த வயசுக்கு அவவுக்கு இது எப்பிடித் தெரியும்?”

அவன் கேட்டது சரியான கேள்வி. கடிதம் கடிதம்தான் என்று அவன் உள்ளே போய்விட்டான்.

அன்று பின்னேரம் தர்சினி வேலையில் இருக்கும்போதே நான் மோட்டார் சைக்கிளில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். பெரியம்மா புகையிலைக்கு நடுவில் குந்தியிருந்து அரும்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி, பிள்ளைக்கு வேலையில் ஒரு சிக்கல், அவள் சின்ன வயதில் எங்கே இருந்தாள் என்று தெரிந்தால் தீரும் என்றேன். ரோபோவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் எழும்பினார். நெடுநேரம் கையில் ஒட்டிய பிசினைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

“என்ரை தங்கச்சி வன்னியிலை கலியாணம் முடிச்சவள். கடைசிச் சண்டை நேரத்திலை அங்கைதான் எல்லாரும். இவளுக்கு நாலு வயசு. ஒரு பள்ளத்துக்குள்ளை தாய் இவளுக்கு மேலை கவிண்டு கிடந்தவளாம். தாயைப் புரட்டிப் போட்டுத்தான் இவளை எடுத்தவை. இவளிலை ஒரு கீறல் இல்லைத் தம்பி.”

முந்தின நாள் திரையில் ரோபோ வண்டியின் மேல் கவிழ்ந்ததை நான் பார்த்தேன், அந்த மனுசி பார்த்ததே இல்லை.

“இஞ்சை வந்து எட்டு மாசம் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பிறகு மெல்ல மெல்லக் கதைச்சாள். பழசு ஒண்டும் அவளுக்கு ஞாபகம் இல்லை. நானும் விட்டுட்டன். இஞ்சைதான் பிறந்தனீ, அம்மா காய்ச்சலிலை போனவ எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இப்ப பாருங்கோ, எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு திரியிறாள். அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வேலை போனாலும் போகட்டும்.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். நிரோஜனுக்குச் சொன்னால் வேலை தப்பும், ஆனால் எட்டுப் பேர் இருக்கும் அறையில் அது எத்தனை நாளைக்கு அவள் காதுக்கு எட்டாமல் இருக்கும்? சொல்லாவிட்டால் அவள் கள்ளி. ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் அவளைக் காப்பாற்ற ஒரு வழிதான் தெரிந்தது. சத்தத்தை எடுத்துவிடுவது. அவள் கோப்பைப் பார்த்துத்தான் தப்பினாள் என்றால் சத்தம் இல்லாவிட்டாலும் தப்புவாள். சத்தத்தால் தப்பினாள் என்றால் சாவாள். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நிரோஜனும் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, ‘டுப்’ இல்லாத மூன்றாம் கட்டத்தை எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். எடுத்ததை அவர்களுக்குச் சொல்லவில்லை. பத்து நிமிடத்துக்குள் எல்லா ரோபோவும் விழுந்தது. “என்னடா இது, இண்டைக்கு ஒண்டும் பிடிபடுதில்லை” என்று தலையில் கை வைத்தார்கள். கடைசியாக விழுந்தது தர்சினியின் ரோபோ. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவளுக்குப் பள்ளம் தேட நேரம் இல்லை. வெட்டவெளியில் வண்டியின் மேல் கவிழ்ந்தாள், ரோபோவின் முதுகில் ஷெல் விழுந்தது.

நிரோஜன் முகம் மலர்ந்து அவளிடம் போனான். “சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி, நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன்.” அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்தக் கட்டத்தில் ரோபோ செத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் அறையில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை, ஒருவரும் சாகவில்லையே. நான் அதற்கும் சத்தம் செய்திருந்தேன், செய்ததை மறந்துபோயிருந்தேன். உடைந்த ரோபோவுக்கு அடியில் குட்டி வண்டி விளக்கை மினுக்கி மினுக்கிக் கூப்பிடும். மெல்லிய ஒற்றைக் குரல், நிறுத்தி நிறுத்தி வரும். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுவிடும்.

தர்சினி இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். எல்லாரும் தேத்தண்ணிக்கு எழும்பிப் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, எங்கடை அம்மா காய்ச்சலிலை சாகேல்லை, என்ன?”

“எனக்கென்ன பிள்ளை தெரியும்.”

“தெரியாட்டி ஏன் எங்கடை தோட்டத்துக்கு வந்தனீங்கள்? பக்கத்து வீட்டாக்கள் கண்டவை. நீங்கள் வந்து போனதிலையிருந்து பெரியம்மா என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை.”

தொழிலில் எத்தனையோ இக்கட்டைப் பார்த்திருக்கிறேன். தேர் இழுக்கும் நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது, மணவறையில் ஸ்பீக்கர் எரிந்திருக்கிறது. அப்போதெல்லாம் ஓடுவதற்குக் கால் இருந்தது. அன்று அந்தக் கதிரையில் கல்லாக இருந்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று போய் நானே அவளை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டேன் என்று தெரிந்தது. கொடுத்த வாக்கை முறிக்கவும் முடியவில்லை, அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்லவும் முடியவில்லை. கடைசியில், “வா, பெரியம்மாவிட்டைப் போவம். நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றேன். சரியோ பிழையோ, அதைவிட வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

சண்டிலிப்பாயில் அவளை வீட்டுக்குள் விட்டுவிட்டுத் தோட்டத்து ஓரத்தில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. காற்றும் இல்லை, புகையிலை இலைகூட அசையவில்லை. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தோடு கிடந்தவன் நான், அந்த அமைதியைப் போல என்னை எதுவும் பயமுறுத்தியதில்லை. அழுதாலாவது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

நெடுநேரத்துக்குப் பிறகு அவள் வெளியே வந்தாள். கிணற்றில் முகம் கழுவினாள், அள்ளி அள்ளிக் கழுவினாள். பெரியம்மா வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தர்சினி என்னிடம் வந்தாள்.

“நீங்கள் அதிலை ஏதோ ஒரு சத்தத்தை எடுத்துப்போட்டீங்கள், என்ன அண்ணை? நேற்றுவரைக்கும் இருந்தது. இண்டைக்கு இல்லை.”

“ஓம் பிள்ளை.”

“திருப்பிப் போடுங்கோ.”

“இனி அது உனக்கு...”

“போடுங்கோ அண்ணை. அம்மா அதைக் கேட்டபடியால்தான் நான் இருக்கிறன்.”

மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்தேன்.